சேலத்தில் மனை முதலீட்டுக் குழுவில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்றுக்கொள்ளும் குழு எது, காசு வசூலிக்கும் குழு எது என்று பிரித்துப் பார்க்காததுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் மூத்தது. ஏலச்சீட்டில் ஊறிய ஊர் நம்முடையது. நாலு பேர் சேர்ந்து பணம் போடுவது நமக்குப் பழக்கம். அதனால் மூன்றாவது கூட்டத்திலேயே, "ஓமலூர் பக்கம் ரெண்டு ஏக்கர் வருது, ஆளுக்கு அஞ்சு லட்சம் போட்டா பிரிச்சு வித்துடலாம்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம்.

கிரயம் யார் பேரில்? அதைக் கேளுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறாமல் குழுவின் நோட்டில் மட்டும் இருந்தால், நாளைக்கு அந்த நிலத்தில் பங்கு கேட்டு நிற்பது பெரும்பாடு. மாதம் இவ்வளவு உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கினாலோ சட்டப்படி அது டெபாசிட் என்றே ஆகும். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. "நாங்க சங்கமா ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோம்" என்பார்கள். சங்கப் பதிவு, ஊராரிடம் முதலீடு திரட்டும் உரிமம் ஆகாது.

நடத்துபவரின் பிழைப்பு என்ன என்று விசாரிக்காமல் சேர்வதும் தவறு. புரோக்கராகவோ லே-அவுட் போட்டவராகவோ இருக்கலாம். இருக்கட்டும், அதை மறைத்தால்தான் சிக்கல். ரெராவில், அதாவது மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிவு பெற்ற மனைப்பிரிவை விற்றுத் தரும் முகவரும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடிப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டைத் தாண்டும் மனைப்பிரிவைப் பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவோ புக்கிங் வாங்கவோ கூடாது. "அப்ரூவல் வந்துட்டே இருக்கு, இப்ப டோக்கன் போட்டா ரேட் கம்மி" என்ற பேச்சு வந்தால் எழுந்துவிடலாம். தட்டுவடை செட் வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டே எழுந்திருங்கள்.

அடுத்தது, வரப்போகும் திட்டத்தை நம்புவது. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கான நிலமெடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது. இத்தனைக்குப் பிறகும் அதன் பேரைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. சாலைக்குப் பக்கத்து நிலம் வேறு, சாலைக்கே எடுக்கப்படும் நிலம் வேறு. சர்வே எண் சொல்லாமல் படத்தில் கோடு மட்டும் போட்டுக் காட்டும் குழுவுக்கு இந்த வித்தியாசமே வேண்டாம்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தைக் கூட்டாக வாங்கி, துண்டு போட்டு, காட்டேஜ் கட்டலாம் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். மலைப்பகுதிக்குக் கட்டுமான விதிகள் தனி. நிபந்தனைப் பட்டா நிலமா, அதாவது விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உருப்படியான குழு என்றால் நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும், முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப் பத்திரத்தையும் நடுவில் வைத்து வாசிப்பார்கள். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் தெரியாது என்பதையும் சொல்லித் தருவார்கள். நஷ்டப்பட்டவரும் அங்கே வாய் திறப்பார். ஒன்றிரண்டு கூட்டத்துக்குச் சும்மா போய் உட்காருங்கள். ஆண்டுச் சந்தாவை மொத்தமாக, ரசீதில்லாமல் ரொக்கமாகக் கேட்டால் அடுத்த குழுவைப் பாருங்கள்.