படபடப்பு பிடிபட்ட நாள்

மூன்று வருடமாகத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி நார்மல். "டென்ஷன்மா, நல்லா தூங்குங்க" என்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிடும். இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டியும் அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. கழுத்து, தவளைத் தொண்டை மாதிரி துடித்தது. அப்படியே ஆட்டோ பிடித்துத் தெருமுனை கிளினிக்கில் ஈசிஜி எடுத்தோம்: நிமிடத்துக்கு 190! அந்தத் தாளைப் பார்த்ததுமே 'எஸ்விடி' என்றார் இதய மருத்துவர். இதயத்துக்குள் மின்சாரம் தப்பாகச் சுற்றி, துடிப்பு திடீரென்று வேகமெடுக்கும் கோளாறு அது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர் விட்டு, மின்சாரம் தப்பாகச் சுற்றும் இடத்தைச் சூட்டால் அடைத்தார்கள். அப்லேஷன் என்று பெயர். மறுநாள் வீடு.

படபடப்பு நிற்பதற்குள் ஈசிஜி எடுத்துவிடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே 108.