வேலூரில் பிள்ளையை பியானோ கிளாஸில் சேர்க்கப் போகிறீர்களா?

போர்டில் பியானோ கிளாஸ் என்று இருக்கும். உள்ளே போனால் ஸ்டாண்டில் 61 கீ கீபோர்டு நிற்கும். கீபோர்டு கற்பதில் தவறில்லை. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான். பியானோவுக்கு 88 கீ. அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப சத்தம் ஏறி இறங்கும், இடது கை தன் பங்கை முழுக்கத் தானே வாசிக்க வேண்டும். கீபோர்டிலோ இடது கை ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) பிடித்தால் போதும், தாளத்தையும் பேஸையும் மெஷின் பார்த்துக்கொள்ளும். அப்படி இரண்டு வருஷம் பழகிய பிள்ளை பியானோ முன் உட்கார்ந்தால் இடது கை திணறும்.

டெமோ கிளாஸ் கேட்டு வாங்கி, நீங்களும் கூடப் போங்கள். பிள்ளை வாசிக்கப்போகும் கருவியில் ஒரே கீயை முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி அழுத்திப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே சத்தம் வந்தால் அதில் டச் இல்லை. விரல் பழக்கத்துக்கு ஆகாது. அடுத்து இடது ஓரத்துக் கீயையும் வலது ஓரத்துக் கீயையும் அழுத்துங்கள். நல்ல டிஜிட்டல் பியானோவில் இடது பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும். பிறகு அங்கே ஒரு வருஷம் படித்த பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். ஒவ்வொரு நோட்டின் தலையிலும் பென்சிலில் ஸ ரி க ம எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் நொட்டேஷன், அதாவது தாளில் உள்ள இசைக் குறிப்பு, படிக்க வராது.

ஏற்கெனவே பாட்டு கிளாஸுக்குப் போகும் பிள்ளைக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. அங்கே ஸ எங்கேயும் இருக்கலாம். ஐந்து கட்டையில் பாடினால் அதன் ஸ, பியானோவில் ஜி என்ற கீ. இங்கே ‘ஸ என்றால் சி’ என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு கிளாஸும் குழம்பும். சி, டி, இ என்றே பழக்கச் சொல்லுங்கள்.

வயது? ஐந்து விரலையும் எண்ணத் தெரிந்து, இடது வலது தெரிந்து, பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சேர்க்கலாம். பெரும்பாலும் அது ஆறு வயதுக்கு மேல்தான்.

விசாரிக்க நல்ல இடம் சர்ச். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குவயருக்கு (பாடகர் குழுவுக்கு) வாசிப்பவரைக் கேளுங்கள். பியானோ யாரிடம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக யார் சொல்லித் தருவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். முடிந்தவரை பாலாற்றுக்கு உங்கள் பக்கமே பாருங்கள். சத்துவாச்சாரியில் குடியிருந்து காட்பாடி காந்தி நகரில் சேர்த்தால், சாயங்காலம் கிரீன் சர்க்கிளையும் பாலத்தையும் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஒரு கிளாஸ் எத்தனை நிமிஷம், அதே நேரத்தில் எத்தனை பிள்ளைகள், விட்டுப்போன கிளாஸை ஈடு செய்வார்களா, புத்தகமும் பரீட்சைக் கட்டணமும் தனியா. ஒரு மணி நேரம் என்று சொல்லி ஆறு பேரைச் சேர்த்து உட்கார வைப்பதைவிட, தனியாக அரை மணி நேரம் சொல்லித் தருவதே மேல். ஏப்ரல், மே சம்மர் கிளாஸ் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும். ஜூனில் ஸ்கூல் திறந்து டியூஷன் நேரம் முடிவான பிறகு வருஷத்துக்குச் சேருங்கள்.

பரீட்சை விஷயத்தில் அவசரம் வேண்டாம். இசைப் பரீட்சை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டனில் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பாடத்திட்டம் வேறு வேறு. எதற்கு விண்ணப்பம் போடுகிறார்கள் என்று பாருங்கள். இனிஷியல் என்ற தொடக்க நிலைக்கு மேல் 1 முதல் 8 வரை கிரேடு. நூற்றுக்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். இன்னொரு பரீட்சை அமைப்பான ஏபிஆர்எஸ்எம் என்றால் 150-க்கு 100 பாஸ். முதல் வருஷமே பரீட்சை என்றால், பிள்ளை வருஷம் முழுக்கப் பரீட்சையில் வாசிக்க வேண்டிய மூன்று பாட்டையே அரைத்துக்கொண்டிருக்கும். நான்காவதாக ஒன்றைக் கொடுத்தால் முழிக்கும். விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.

வீட்டுக்கு உடனே 88 கீ வாங்க வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு 61 போதும், ஆனால் டச் உள்ளதாக வாங்குங்கள். காசியோவில் சிடி-எஸ்200-க்கு டச் கிடையாது, எஸ்300-க்கு உண்டு. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கடையில் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். கீ மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், ஒட்டினால் கண் புத்தகத்துக்கே போகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினம் பத்து நிமிஷம் பலன் தரும். கட்டில் மேல் கீபோர்டை வைத்துச் சம்மணம் போட்டு வாசிக்க விடாதீர்கள். மணிக்கட்டு மடங்கிப் போகும், பிறகு திருத்துவது பெரும்பாடு. முழங்கை கீயின் மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் எட்டாமல் தொங்கினால் கீழே ஒரு மணையைப் போடுங்கள். வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள்.