தோட்டத்து வீடுகளில் சுகாதாரக் கணக்கெடுப்பு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் விடுமுறை தொடங்கியதும் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே நிற டி-சட்டை போட்டுக்கொண்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களுக்கு வருகிறார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, யாருக்கு என்ன நோய், கிளினிக் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாரத்தில் எழுதிக்கொண்டு போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பாரங்களில் இருக்கும் நிறையப் பதில்களை நம்ப முடியாது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிற நேரமும் பக்கத்தில் நிற்கிற ஆளும்தான் பெரும்பாலும் பதிலை முடிவு செய்கின்றன.

எந்த வீடுகளுக்குப் போவது என்பதிலேயே கோளாறு ஆரம்பித்துவிடுகிறது. தோட்டம் என்றதும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளைத் தேடிப் போகிறார்கள். இன்று பல தோட்டங்களில் செம்பனை (எண்ணெய்ப்பனை)ப் பழம் வெட்டுகிறவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். தோட்ட நிலம் வீடமைப்புக்குக் கைமாறியபோது வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, நகர ஓரத்து மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கின்றன. துருப்பிடித்த தகரக் கூரை படத்தில் நன்றாக விழும். மின்தூக்கி இல்லாத நான்காவது மாடியில், இனிப்பு நீரால் (நீரிழிவால்) கால் எடுக்கப்பட்ட ஒருவர் கீழே இறங்காமலே காலம் தள்ளுவது எந்தப் படத்திலும் விழாது. இரண்டு இடத்துக்கும் போங்கள்.

அப்புறம் நேரம். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும்தான். பால்மரம் (ரப்பர் மரம்) சீவுகிறவர்கள் விடியுமுன் போய்விடுவார்கள். பழம் வெட்டுகிறவர்களும் மருந்தடிக்கிற பெண்களும் திரும்ப மதியம் தாண்டிவிடும். பூச்சிக்கொல்லி வாடையோடு வேலை செய்கிறவர் பதிலே இல்லாமல் 'வீட்டில் எல்லோரும் சுகம்' என்று பாட்டி சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பினால், அது எதற்கு உதவும்? மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். பூட்டியிருந்த வீட்டைக் குறித்துவைத்து இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். பூட்டிய கதவை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் எண்ணிக்கையை நிரப்புகிறவர்களுக்கு, நாள் முழுக்க உழைக்கிறவர்களின் நோய் கண்ணில் படவே படாது.

தோட்டம் தனியார் நிலம். நிர்வாகியிடம் அனுமதி வாங்காமல் நுழையக் கூடாது, அது சரி. அனுமதி கொடுத்த நிர்வாகி, "வழி காட்ட மண்டோரைக் கூட அனுப்புகிறேன்" என்பார். மண்டோர் என்றால் வேலையாட்களை மேற்பார்க்கிற கங்காணி. நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் கணக்கெடுப்பு கெட்டுப்போகிறது. மண்டோர் வாசலில் நிற்கும்போது, குடிநீர் கலங்கலாக வருகிறது, கையுறை கொடுப்பதில்லை, மருந்தடித்த அன்று வாந்தி வருகிறது என்று எவர் சொல்வார்? நாளைக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் போகிறவரே அவர்தான். பெயருக்கு அறிமுகம் செய்துவைக்கட்டும். முதல் வீட்டோடு மரியாதையாக அனுப்பிவிடுங்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு அக்காவோ, தமிழ்ப்பள்ளியில் வேலை செய்தவரோ கூட வந்தால் கதவு தானாகத் திறக்கும். நீங்கள் கேள்வி கேட்கும்போது அவர்களும் சற்றுத் தள்ளி நிற்பதே நல்லது. ஊர்க்காரர் காதில் விழுந்தால் ஊருக்கே தெரியும் என்ற பயம் மண்டோர் பயத்துக்குக் குறைந்ததில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மாமியார் பக்கத்தில் இருக்கையில் மருமகளிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்பதும், பிள்ளைகள் முன்னால் அப்பாவிடம் "குடிப்பீர்களா?" என்று கேட்பதும் வீண். பெண்களுக்கான கேள்விகளைப் பெண் மாணவர்கள் தனியாகக் கேட்க வேண்டும்.

"உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று கட்டம் போடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அந்த 18.3-இல் 9.4 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் இருப்பது முன்பே தெரியும். மீதி 8.9 விழுக்காட்டினருக்கு இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் வெளிப்பட்டது. மற்ற இனங்களைவிட இந்தியர்களிடையே விகிதம் அதிகம். ஆக, 'இல்லை' என்ற பதிலுக்கு 'இதுவரை யாரும் சோதித்ததில்லை' என்றும் பொருள் இருக்கலாம். கடைசியாக எப்போது இரத்தம் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள். மருந்துப் பையைக் காட்டச் சொல்லுங்கள். கிளினிக்கில் கொடுத்த பொட்டலத்தில் தேதி இருக்கும். மாத்திரை எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். தலை சுற்றினால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பாகற்காய்ச் சாறு போதும் என்று நிறுத்தியவர்களும் உண்டு. அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்தால் அடுத்த கேள்விக்கு உண்மை வராது. எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்.

வருமானக் கேள்வியில் ஒரே ஒரு தொகையைக் கேட்காதீர்கள். மழை பெய்தால் மரம் சீவ முடியாது; இலை உதிரும் மாதங்களில் பால் குறையும்; பழம் வெட்டுகிறவருக்கு எடைக்குத் தக்கபடிதான் கூலி. நல்ல மாதம் எவ்வளவு, மோசமான மாதம் எவ்வளவு என்று இரண்டாகக் கேளுங்கள். "சிகிச்சைக்குப் பணம் இருக்கிறதா?" என்பதும் அரைகுறைக் கேள்வி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போவுக்கு நிபுணரைப் பார்க்கப் போனால் வாடகைக் காருக்கும், போன நாளின் கூலி இழப்புக்கும்தான் பணம் கரைகிறது. அதைக் கேளுங்கள்.

ஐசி, அதாவது அடையாள அட்டை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. தோட்டங்களில் பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலும் குடியுரிமை இல்லாமல் இருப்பவர்கள் இன்னும் உண்டு. குடியுரிமை இல்லாதவருக்கு அதே சிகிச்சைக்குப் பல மடங்கு கட்டணம். அதனாலேயே கிளினிக் பக்கம் போகாதவர்கள் அவர்கள். பாரத்தின் முதல் வரியிலேயே ஐசி எண் கேட்டால் அந்த வீடு மூடிக்கொள்ளும். எண் எதற்கு? வீட்டுக்கு ஒரு குறியீடு போதும். ஆவணம் இல்லாதவர் பற்றித் தெரிந்தால் அதை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 18 மில்லிமோல் என்று மிக அதிகமாகக் காட்டினால் என்ன செய்வீர்கள்? பதில் இல்லையென்றால் குத்தவே வேண்டாம். கிளம்பும் முன் பக்கத்து சுகாதார கிளினிக்கில் பேசி, எந்த நாளில் யாரை அனுப்பலாம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசாங்கத்தின் ரொக்க உதவித் திட்டமான எஸ்டிஆர் பெறுகிறவர்களிலும் அவர்களின் துணைவர்களிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அந்தத் தகவலை வாயால் சொல்லிவிட்டு வந்தால்கூட ஒரு பயன். மன உளைச்சல் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான்: அழைக்க ஓர் எண் கையில் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் எனும் மனநல உதவித் தொலைபேசி இணைப்பு 15555.

"அரிசி கொடுப்பீர்களா, தம்பி?" என்று கேட்பார்கள். முடியாததைத் தலையாட்டி ஒப்புக்கொள்ளாதீர்கள். போன வருடம் வந்தவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அது நியாயமான புகார். முடிவுகளைக் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை தமிழில் சொல்லுங்கள். எத்தனை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, குடிநீர் எந்த வரிசையில் மோசம் என்பது போதும். அந்தக் கூட்டத்துக்கு கிளினிக்கிலிருந்து ஒரு தாதியையும் அழைத்து வந்தால், அங்கேயே தேதி குறித்துக்கொடுத்துவிடலாம்.