பெர்பெரின் வாங்கும் முன்: எந்த வடிவம், எவ்வளவு உடம்பில் சேரும்?

அப்பாவின் சர்க்கரைக்காகப் பெர்பெரின் (மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும் பொருள்) தேடியபோது ஒரே பெயரில் மூன்று வடிவங்கள் கிடைத்தன: ஹைட்ரோகுளோரைடு, டைஹைட்ரோபெர்பெரின், பைட்டோசோம். நான் ஒப்பிட்ட முறை இது.

படி 1: டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்
ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம். சைக்ளோஸ்போரின் (உறுப்பு மாற்றிய பின் தரும் மருந்து) எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பெர்பெரின் கூடவே கூடாது.

படி 2: லேபிளின் பின்பக்கம்
இங்கேதான் நிதானம் வேண்டும். முன்பக்கம் 1500 மி.கி. என்று இருக்கும், திருப்பினால் அது மூன்று கேப்சூலின் கணக்கு. 'மரமஞ்சள் சாறு 500 மி.கி.' என்றால் அதில் பெர்பெரின் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சதவீதம் போடாத டப்பாவை வாங்காதீர்கள். பைட்டோசோமில் 550 மி.கி. என்பது லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்த மொத்த எடை. ஆகவே மி.கி.யை மி.கி.யோடு நேராக ஒப்பிட முடியாது.

படி 3: உறிஞ்சல்
வாய்வழி எடுக்கும் சாதாரண பெர்பெரினில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தத்துக்குப் போகிறது. குடல் சுவரிலுள்ள பி-கிளைகோபுரதம் அதைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளுகிறது. தப்பியதைக் கல்லீரல் சிதைக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றினால் எளிதில் உள்ளே போய், மீண்டும் பெர்பெரினாகிறது. அந்த மாற்றத்தை முன்கூட்டியே செய்து விற்பதுதான் இரண்டாவது வடிவம். அதனால்தான் அதில் 100, 200 மி.கி. போதும் என்கிறார்கள். பைட்டோசோமில் அந்த லெசித்தினோடு பிணைத்து உள்ளே அனுப்புகிறார்கள்.

ரத்தத்தில் அதிகம் ஏறுவதும் சர்க்கரை அதிகம் இறங்குவதும் ஒன்றல்ல. புது வடிவங்களின் உறிஞ்சலை அளந்த ஆய்வுகள் மிகச் சில ஆட்களிடம் நடந்தவை. ஆனால் 2008இல் ஷாங்காயில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு ஹைட்ரோகுளோரைடை 500 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை கொடுத்தது. பெர்பெரினின் வேலையில் ஒரு பகுதி குடலிலேயே நடக்கிறது என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது.

என் தேர்வு ஹைட்ரோகுளோரைடுதான்: விலை குறைவு, சான்று அதிகம். வெளி ஆய்வகச் சோதனை அறிக்கை தரும் தயாரிப்பாகப் பாருங்கள். சாப்பாட்டோடு, பிரித்துப் பிரித்து எடுப்பது வழக்கம். வயிறு ஒத்துக்கொள்ளாமல் மலச்சிக்கலோ பேதியோ வந்தால் மட்டும், டாக்டரிடம் கேட்டுக் குறைந்த அளவுள்ள டைஹைட்ரோவுக்கு மாறலாம்.

பின்சேர்க்கை: மரமஞ்சள் கஷாயம் போதாதா என்று பலர் கேட்டீர்கள். கட்டைக்குக் கட்டை பெர்பெரின் அளவு மாறும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. மாத்திரைக்கு மாற்றாக அதை நம்ப வேண்டாம்.