பழுதாகும் வன்தட்டு: சரிசெய்வதற்கு முன் நகலெடுங்கள்

கணினி திடீரென மந்தமாகிவிட்டால் பலரும் வைரஸ் மீதோ விண்டோஸ் மீதோ சந்தேகம் கொண்டு, கடையில் கொடுத்து ஃபார்மட் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பழுது வன்தட்டில் இருக்கும்போது அப்படிச் செய்தால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் நம் கையாலேயே அழிந்துபோகும். ஆகவே மந்தத்தின் தன்மையை முதலில் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறக்கும்போது மட்டும் திரை உறைந்து நிற்பது, கோப்பை நகலெடுக்கையில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடைபடுவது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் விண்டோஸ் தானாகவே வட்டுச் சோதனையைத் தொடங்குவது, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் ஒரு நாள் தெரிந்து மறுநாள் தெரியாமல் போவது ஆகியவை வன்தட்டின் மீது ஐயம் கொள்ள வேண்டிய அறிகுறிகள்.

இவை எல்லாவற்றிலும் தீவிரமானது, சீரான இடைவெளியில் கேட்கும் 'டிக், டிக்' என்ற ஒலி. மேசைக் கணினிகளின் வன்தட்டுகள் பலவற்றில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. படிக்கும் முனையோ அதன் பரப்பைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தடத்தைக் கண்டுபிடிக்க முடியாத முனை திரும்பத் திரும்பத் தொடக்க இடத்துக்கு வந்து மீண்டும் முயல்வதால்தான் அந்த ஒலி எழுகிறது. முனை தட்டில் உரசிவிட்டால், பெயர்ந்த துகள்கள் உள்ளேயே சுழன்று மேலும் கீறல்களை உண்டாக்கும். எனவே இந்த ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். இன்னொரு முறை இயக்கிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒலி ஏதும் இல்லையென்றால், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் படிக்கலாம். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் இதைக் காட்டும். தட்டில் தரவு பதியும் சிறு கூறுகளுக்குச் செக்டார் என்று பெயர். கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களைக் குறிக்கும் 5ஆம் வரிசை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களைக் குறிக்கும் 197, சரிசெய்ய இயலாதவற்றைக் குறிக்கும் 198 ஆகிய மூன்றும் பூச்சியமாக இருப்பதே நல்லது. அந்த மென்பொருள் மூல மதிப்புகளைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்களில் காட்டுவது வழக்கம் என்பதால், அங்கே 10 என்று இருந்தால் அது பதினாறு. தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி, வன்தட்டை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

ஸ்மார்ட் பதிவு 'நலம்' என்று சொல்வதை மட்டும் நம்பி நிம்மதியடைய வேண்டாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்று தெரியவந்தது. அதே ஆய்வின்படி, சோதனையில் முதல் பிழை தென்பட்ட வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற வன்தட்டைவிட 39 மடங்கு அதிகம். எச்சரிக்கை வந்தால் அதை முழுமையாக நம்புங்கள். வராததை மட்டும் நம்பாதீர்கள்.

பழுது உறுதியானதும் பலர், வட்டுப் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக் டிஸ்க் என்னும் விண்டோஸ் கட்டளையை இயக்குகிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பழுதுநீக்கும் முறையில் (/r) இயக்கினால் அது வட்டு முழுவதையும் படிக்கவைத்து, சாகும் தறுவாயில் இருக்கும் வன்தட்டின் மீதே மாற்றங்களை எழுதுகிறது. மாறாக, வேறொரு வன்தட்டை இணைத்து, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள்: குடும்பப் படங்கள், ஆய்வேட்டு வரைவு, கணக்குக் கோப்புகள். திரைப்படங்களும் மென்பொருள்களும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை.

நகலெடுக்கும்போது பிழைகள் குறுக்கிட்டால், யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கி டிடிரெஸ்க்யூ என்னும் கருவியைப் பயன்படுத்துவது சிறந்தது. அது சிக்கலான பகுதிகளைத் தாண்டிச் சென்று நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்கிறது. எடுத்ததையும் எடுக்காததையும் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் சேரும் வன்தட்டில் மூலத்தின் கொள்ளளவுக்குக் குறையாத காலியிடம் வேண்டும். மூலம் எது, இலக்கு எது என்பதை வரிசை எண்ணைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள்; இங்கே இடம் மாறினால் எல்லாம் போய்விடும். கோப்புகளை மீட்கும் முயற்சி எதுவாயினும் அதன்பின் நகலின் மீது மட்டுமே நடக்கட்டும்.

'டிக்' ஒலி எழுப்பும் வன்தட்டுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. உறைபெட்டியில் வைத்தால் ஈரம் படியும். மூடியைத் திறந்தால் தூசி இறங்கும். மற்றொன்றின் மின்பலகையைப் பொருத்தினாலும், அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவமைவுத் தகவல்கள் பழைய பலகையின் சில்லில் இருப்பதால் பெரும்பாலும் பலன் இருக்காது. தூசியற்ற அறையில் வைத்துத் திறக்கும் வசதியுள்ள மீட்பு நிறுவனத்தை நாடி, தரவு கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தட்டுக்குப் பதில் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வகைக்கு இந்த ஒலி அறிகுறி பொருந்தாது. அதில் சுழலும் பாகமே இல்லை, முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் காணாமல் போகவும் கூடும்.

தரவை எடுத்த பிறகு பழைய வன்தட்டை மறுபடி ஃபார்மட் செய்து பயன்படுத்த வேண்டாம். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் புதியது கிடைக்கலாம். ஆனால் கெட்டுப்போனவை என ஒதுக்கிவைக்கப்பட்ட செக்டார்களில் உள்ளவை சாதாரண அழிப்பில் அழியாமல் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், வங்கி விவரங்களோ மருத்துவ ஆவணங்களோ அதில் இருந்திருந்தால், கண்ணாடித் துகள்கள் தெறிக்கலாம் என்ற எச்சரிக்கையுடன் அதைக் கெட்டித் துணியில் சுற்றி, உள்ளிருக்கும் தட்டுகளை உடைத்துவிட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.