தென்னை மரத்தடியில் தொடங்குங்கள்: டெல்டா ஊர்களில் லைக்கன்களை அறிமுகப்படுத்தும் முறை

பாறையிலும் மரப்பட்டையிலும் திட்டுத்திட்டாகப் படரும் லைக்கன் என்றதும் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ வேன் பிடிக்க நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அதற்குத் தேவையில்லை. காவிரி டெல்டா வண்டல் நிலம் என்பதால் பாறை கிடையாது. பெரிய கோயில்களின் கருங்கல்கூட வெளியூர்க் கல்தான். ஆகவே இங்கு மரப்பட்டையே லைக்கனுக்கு உரிய இடம், அதுவும் ஊருக்குள்ளேயே, எல்லோரும் தினம் கடந்து போகும் தென்னை, மா, பூவரசு ஆகியவற்றின் தண்டிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், மார்கழி அல்லது தை மாதத்தில் பனி காயாத காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். சித்திரை வெயிலில் அவை காய்ந்து நிறம் மங்கிக் கிடக்கும்.

மரத்தடிக்குப் போகுமுன் மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கல்பாசி வாங்கி எல்லோர் கையிலும் ஒரு துணுக்கைக் கொடுத்துவிடுங்கள். பிரியாணியிலும் குருமாவிலும் போடும் அந்தப் பொருள் மலைப்பகுதிகளிலிருந்து வரும் ஒரு லைக்கன் என்று சொன்ன உடனே, அதுவரை ஒதுங்கி நின்ற பெண்கள் கூட்டத்துக்குள் வந்துவிடுவதைப் பார்க்கலாம். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் சுருள் பிரிந்து, மேல்புறம் சாம்பலும் அடிப்புறம் கருப்புமாக இலைபோல் விரியும். உள்ளூர் மரத்தில் இருப்பதைச் சுரண்டிச் சமைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஒரே உடல் என்ற விளக்கத்தைச் சொல்லால் நீட்டுவதைவிடத் தெளிப்பானால் காட்டுவது மேல். காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்கும் இலைவடிவ லைக்கன் ஒன்றின் ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பாதி பச்சையாகும். மேல்தோலாக இருக்கும் பூஞ்சை நனைந்து ஒளி ஊடுருவும் நிலையை அடைவதால், அடியில் உணவு தயாரிக்கும் பாசி தெரிகிறது. 1860-களில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இந்தக் கூட்டு வாழ்வை எடுத்துச் சொன்னபோது லைக்கன் அறிஞர் பலரே ஏற்க மறுத்தனர் என்பதை மாணவர்களிடம் சொல்லலாம்.

அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் வகையே போதும். தென்னந்தண்டில் வெள்ளைத் திட்டாகத் தெரிவதன் மேல் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நெருங்கினால், சிலவற்றில் ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறியதுபோல் கருங்கோடுகள் நெளியும். கிராஃபிஸ் வகையைச் சேர்ந்த அவற்றில் அக்கோடுகளே வித்துகள் உண்டாகும் இடம். பக்கத்திலேயே பட்டையோடு படிந்த சாம்பல் நிற இலைவடிவங்கள் இருக்கும். அவற்றில் டைரினேரியாவையும் பிக்சின் கோக்கோயிஸையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். ஒரு பெரிய துண்டால் மரத்தையும் தலையையும் மூடிக்கொண்டு புற ஊதா டார்ச் அடித்தால், பிக்சின் மஞ்சளாக ஒளிரும். டைரினேரியாவின் மேற்பரப்பு அப்படி ஒளிராது. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள்; டார்ச் ஒளி யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சுவரிலும் தண்டிலும் ஆரஞ்சுப் பொடியாகப் படர்வதை எல்லோரும் லைக்கன் என்றே காட்டுவார்கள். அது பெரும்பாலும் ட்ரென்டிபோலியா என்ற தனிப் பாசி. ஆனால் வெப்பமண்டல லைக்கன்கள் பலவற்றுக்குள் குடியிருக்கும் கூட்டாளியும் அதுவே என்பதால், தவறாகக் காட்டியவரைத் திருத்துவதைவிடப் பாராட்டுவதே பொருத்தம். பட்டை உரிந்துகொண்டே இருக்கும் கொய்யாவில் ஏன் அதிகம் இல்லை என்று கேளுங்கள். பதில் அவர்களே சொல்வார்கள்.

விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது மரத்தைக் கெடுக்குமா? கெடுக்காது. லைக்கன் பட்டையின் மேல் ஒட்டியிருக்கிறதே தவிர, மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். தஞ்சாவூர் வாடல் நோய் என்று இம்மண்ணின் பேரிலேயே அறியப்படும் தென்னை நோயில், தண்டின் அடிப்பகுதியிலிருந்து செம்பழுப்புச் சாறு வடியும். பின்னர் அடித்தண்டில் காளான் முளைக்கலாம். வெள்ளைத் திட்டு வேறு, சாறு வடிவது வேறு என்று ஒரே தோப்பில் காட்டினால், சுண்ணாம்பும் மருந்தும் வீணாகாது. 2018 கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நட்ட இளந்தென்னையையும் தப்பித்து நின்ற பழைய மரத்தையும் அருகருகே ஒப்பிடுவது இன்னொரு நல்ல பாடம். இலைவடிவ லைக்கன்கள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன.

கடலோர ஊர்களில் நடத்துபவர்கள் மரங்களில் சாம்பல் நாடாக்களாகத் தொங்கும் ரோசெல்லாவைத் தேடிப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தின் லிட்மஸ் சாயம் அந்த இனத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பது வேதியியல் ஆசிரியரையும் உங்கள் பக்கம் இழுக்கும்.

காற்று மாசைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேசுங்கள். கந்தக டை ஆக்சைடு பல லைக்கன்களை அழிக்கும் என்பது உண்மை. ஆனால் நெடுஞ்சாலைப் புளியமரத்தில் லைக்கன் இல்லாததற்குப் புகையோடு தூசி, வெயில், அடித்த வர்ணம் ஆகியவையும் காரணமாகலாம்.

முடிவில் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். பட்டையோடு மெல்லிய ஓடுபோல் ஒட்டியிருக்கும் வகைகள் பலவற்றுக்கு நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் வேண்டும். மரத்தின் பெயர், தண்டின் உயரம், திசை, தேதி ஆகியவற்றை எழுதி, அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு பள்ளியில் ஒரு பதிவேடாக வைத்தால், அடுத்த தையில் அதே திட்டை அதே அளவுகோலால் மீண்டும் அளக்கலாம்.