கட்டை விழாமலேயே மார்க் விழும் இடங்கள்

அமெரிக்காவில் ஹண்டர் குதிரைப் போட்டி நடக்கும் எந்த ரிங் ஓரத்திலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம்: "எட்டுத் தடையும் தாண்டியாச்சு, ஒரு கட்டைகூட விழலை. அப்புறம் எப்படி 65?"

ஜம்பர் போட்டியாக இருந்தால் இந்தக் கேள்வி நியாயமானது. அங்கே கட்டை விழுந்தால் 4 பெனால்ட்டி, மிச்சத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். ஹண்டர் அப்படியில்லை. நரி வேட்டைக்குப் போன குதிரைகளிடமிருந்து வந்த ஆட்டம் இது. நாள் முழுக்க ஒரே சீராக, அலட்டல் இல்லாமல் ஆளைச் சுமந்து போகுமா என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். 100க்கு 80 தாண்டினால் நல்ல ஓட்டம். 90 தாண்டினால் ரிங் ஓரமே கைதட்டும்.

முதல் தடையில்தான் கணக்கு ஆரம்பிக்கிறது என்று நினைப்பது பெரிய தவறு. உள்ளே வந்து போடும் முதல் வட்டத்தையும் நடுவர் பார்க்கிறார். அந்த வட்டத்திலேயே வேகம் செட்டாகிவிட வேண்டும். பலர் அங்கே கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் போய்விட்டு, தடையைக் கண்டதும் உதைத்து விரட்டுகிறார்கள்.

அதன் பலன் லைனில், அதாவது அடுத்தடுத்து ஒரு வரிசையாக வரும் தடைகளுக்கு நடுவே, தெரியும். குதிரையின் ஒரு ஸ்டிரைடு (நான்கு கால்களும் ஒருமுறை பட்டு முடியும் நீளம்) 12 அடி என்று வைத்துத்தான் தடைகளை அமைக்கிறார்கள். இரண்டு தடைக்கு நடுவே 60 அடி என்றால், இறங்க 6, எழும்ப 6, மீதி 48 அடியில் நான்கு ஸ்டிரைடு. மந்தமாக உள்ளே வந்த குதிரை ஐந்து போட்டுவிடும். அது நடுவர் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. நான்கை எட்டிப் பிடிக்க நடுவில் விரட்டினாலோ, ஓட்டத்தின் சீர் போய், கடைசித் தாவல் நீண்டு தட்டையாகிவிடும். இதற்கு மருந்து லைனுக்குள் இல்லை, அதற்கு முந்தைய வளைவில் இருக்கிறது.

இன்னொன்று "சிப்". தடை நெருங்கும்போது, தூரம் சரிவராது என்று பயந்து கை தானாகப் பின்னே இழுக்கும். குதிரை தலையைத் தூக்கி, அவசரமாக ஒரு குட்டி அடி வைத்து, தடையின் காலடியிலிருந்து எழும்பும். முன்னங்கால்கள் மடங்க இடமில்லாமல் தொங்கும். நடுவரின் தாளில் ஒவ்வொரு தடைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் தன் சுருக்கெழுத்தில் ஒரு குறி போட்டுவிடுவார். அப்புறம் மற்ற ஏழும் அழகாக இருந்தாலும் 80 கனவுதான். ஆனால் கட்டையில் குளம்பு லேசாக உரசியதற்கு வீட்டுக்குப் போகும் வரை கவலைப்படுகிறவர்களும் உண்டு. அது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

அடுத்தது லீட், அதாவது ஓட்டத்தில் எந்தப் பக்கத்துக் கால் முன்னே எட்டுகிறது என்பது. இடப்பக்கம் திரும்பும்போது இட முன்னங்கால் முன்னே எட்ட வேண்டும். தவறான லீடில் இறங்கினால் வளைவுக்குள் மாற்றியாக வேண்டும். முன்னங்கால் மாறி பின்னங்கால் மாறாவிட்டால் ஓட்டம் கோணலாகும். ஓட்டத்தை விட்டு ட்ராட்டுக்கு (மெதுவான துள்ளுநடைக்கு) இறங்கிவிட்டால் அடி இன்னும் பலம். இதில் மாறிவிட்டதா என்று குனிந்து பார்க்கும் பழக்கம் வேறு! குனிந்ததும் எடை ஒரு பக்கம் சாய்கிறது, மாற வேண்டிய குதிரையும் மாறுவதில்லை.

ஈக்விட்டேஷன் என்ற பிரிவில் மார்க் குதிரைக்கு அல்ல, ஓட்டுபவருக்கு. அதனால் குதிகாலை அழுத்தி, முதுகை வளைத்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பயிற்சியாளர்களே வளர்த்துவிட்ட தவறு. நடுவர் தேடுவது சிலையை அல்ல, பயன்படும் உட்காரலை. சந்தேகம் வந்தால் அங்கவடி இல்லாமல் ஓட்டச் சொல்வார், குதிரையை மாற்றி ஏறச் சொல்வார், வேண்டுமென்றே எதிர் லீடில் கேண்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) கேட்பார். 1933 முதல் நடக்கும் மெக்லே என்ற ஈக்விட்டேஷன் இறுதிப் போட்டியில் தடை தாண்டினால் மட்டும் போதாது, தடையில்லாத சுற்றிலும் உட்காரலைக் காட்ட வேண்டும். விறைத்த உடம்பு அங்கே மாட்டிக்கொள்ளும்.

உடையில் சுத்தம் போதும். விலை உயர்ந்த கோட்டுக்கு மார்க் கிடையாது.

தடையில்லாத போட்டிப் பிரிவில் பத்துப் பதினைந்து குதிரைகள் ஒன்றாகச் சுற்றும்போது கும்பலுக்குள் சிக்காதீர்கள். நடுவர் பார்க்காத நல்ல ட்ராட்டால் பயனில்லை. அதற்காக அவர் கண்முன்னே அடுத்த குதிரையை வெட்டிக்கொண்டு போகவும் கூடாது. மூலையில் கொஞ்சம் ஆழமாகப் போனாலே முன்னால் இடம் கிடைத்துவிடும்.